உயிர் எடை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பாதையில்
பனி விலகாத வளைவொன்றில் எங்கள் கம்பனி.
வெளிச்சுவரில் தொப்பி போட்ட ஜெர்மன்காரன்
முள்கரண்டியில் சொசேஜ் குத்திக்கொண்டு சிரிக்கிறான்.
அவன் இங்கே வந்ததில்லை.
வந்தது அவன் ஊர் உப்பு டிரம்:
உள்ளே கழுவி மடித்த பன்றிக்குடல்,
தொண்ணூறு மீற்றர் ஒரு கட்டு.
எங்கள் பன்றிகளின் குடலைப் பின்பக்கக் குழியில் கொட்டுகிறோம்.
சாதிக்காய் மாத்தளை, மிளகு மொனராகலை,
பன்றி ராகலை லயத்துக் கொட்டில்.
ருசிக்கு மட்டும் பெயர் நியூரம்பேர்க்.

என் வேலை தராசடி.
லொறியிலிருந்து இறக்கிக் கம்பிக்கூண்டில் ஏற்றி
முள் ஆடி ஓயும்வரை நின்று
எழுதுவேன்: உயிர் எடை.
யார் கண்டுபிடித்த சொல்லோ.

விற்க வருகிறவர்கள் விடியமுன்
தவிடும் தண்ணீரும் வயிறு முட்டக் கொடுப்பார்கள்.
கம்பனிக்கும் தெரியும்.
ஆகவே நூற்றுக்கு ஐந்து கழிவு.
பத்தியின் தலைப்பு, 'வயிற்றுக்குள் இருப்பது'.
அதற்குக் காசில்லை.

மாசிப் போயாவுக்கு முதல்நாள் பின்னேரம்
இராயப்பன் கொண்டுவந்த பெட்டை
நூற்றெண்பது கிலோ. கழிவு ஒன்பது.
மிச்சத்துக்குக் காசை வாங்கி மூன்றுதரம் எண்ணினார்.
பிறகும் போகாமல் கொஞ்சநேரம் நின்றார்.

போயாவில் வெட்டக் கூடாது, சட்டம்.
கத்திகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம்.
சாகவேண்டியவை ஒருநாள் கூடச் சாப்பிட்டன.
அன்றிரவு காவலுக்கு நின்ற பியதாச
கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான்:
"மிஸ், ஒன்று எட்டாகிவிட்டது."

விடிய இராயப்பன் மூச்சிரைக்க வந்தார்.
சினை என்று தெரியாதா என்றேன். கொழுப்பென்று நினைத்தாராம்.
தோட்டத்தில் பேர் கிடைக்காத மாதம்,
தெரிந்தாலும் விற்றிருப்பார்.
"நான் வித்தது ஒன்னு."
"நாங்கள் வாங்கியது உயிர் எடை," என்றார் மனேஜர் வீரக்கோன்,
"குட்டியும் அதற்குள்ளேதான் இருந்தது."

நிறுக்கச் சொன்னார்கள். ஏழையும் ஒரே வாளியில் போட்டேன்.
வாளி கழித்து எட்டரைக் கிலோ.
ஏதோ நினைவு வந்து
பேரேட்டைத் திருப்பி அவர் முன் வைத்தேன்.
வயிற்றுக்குள் இருப்பது: ஒன்பது.
காசு: ஒரு கோடு.
"சேர், வயிற்றை நாங்கள் வாங்கவில்லையே."

பேனையை மூடினார். திறந்தார்.
சிரித்தார் என்று சொல்ல மாட்டேன்.
"கொண்டுபோகச் சொல்."

உப்பு டிரம் ஒன்றைக் கழுவிச் சாக்கு விரித்தோம்.
ஹாம்பேர்க் என்ற எழுத்துக்கு மேலே
ஈர மூக்கொன்று எட்டிப் பார்த்தது.
தாயையும் கேட்டார் இராயப்பன்,
ஒரு மாதத்துக்கு மட்டும், பால் மறக்கும்வரைக்கும்.
"அதுக்குக் காசு வாங்கிட்டீங்களே,"
என்று சொன்னதும் நான்தான்.

அன்றைக்கே அவளை அரைத்தோம்.
மடியில் பால் கட்டிக் கிடந்ததென்று
வெட்டுகிறவன் கையைத் துடைத்தபடி சொன்னான்.
ஹோட்டல் ஓடர் நாற்பது கிலோ,
வெள்ளைக்காரர் கூட்டமொன்று வருகிறதாம்.

பால்மா விற்கிற விலைக்கு ஏழையும் வளர்க்கலாமா?
ஐந்து செத்தன.
மிச்சம் இரண்டும் ஐப்பசியில் வருமென்று
நேற்றுச் சொல்லி அனுப்பியிருந்தார்.
அன்றைக்கும் தராசடியில் நான்தான் நிற்பேன்.
முள் ஆடி ஓயவேண்டும்.

புதுப் பேரேடு அச்சடித்து வந்துவிட்டது.
அந்தப் பத்திக்கு இப்போது பெயர் 'பொதுக் கழிவு'.