மலையில் பரிமாறிய சோறு

திங்கட்கிழமைகளில் நான் சோறு பொறுக்குகிறேன்,
ப்ளேன் தே ஷிக்கோ முகாம் திடலில்,
ஞாயிற்று விருந்து முடித்து
எல்லோரும் செந்தெனி இறங்கிய பின்.
ஓர் இடுக்கி, ஒரு வாளி, முழங்காலுக்குக் கிழிந்த மெத்தை.

மூடுபனி ஏழு மணிவரை எழுந்திருக்காது.
அதற்குள் தெரிவது வெள்ளையாய் இருப்பவை மட்டும்:
பருக்கை, முட்டைத் தோடு, கோழி எலும்பு, ரொட்டியின் முனை.
ருகாய்க் குழம்பில் சிவந்த சோறு கண்ணுக்கு அகப்படாது.
எறும்புதான் காட்டிக்கொடுக்கும்.

மதாம், சோறுதானே,
மண்ணோடு மண்ணாய் மக்கிப் போகாதா என்பார்கள்.
மக்கும்.
மக்கும் முன் எலி வரும்.
வந்த எலி விருந்தாளி மாதிரி கை கழுவிவிட்டுப் போகாது,
குடிவைக்கும், குட்டி போடும்,
சோறு தீர்ந்த புதன்கிழமை
தமாரின் மரத்தில் ஏறும்
கவட்டையில் உள்ளங்கை அளவுக் கூட்டுக்கு.
இரண்டு முட்டை.
துயி-துயி இடுவது அவ்வளவுதான்.

இந்த மலையை விட்டால் உலகில் வேறு விலாசம் இல்லாத பறவை.
தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும்.
கூப்பிடாத காலைகளில்
என் நோட்டில் ஒரு கோடு.
சென்ற வருஷப் பக்கங்கள்
கோடுபோட்ட பள்ளிக்கூடத் தாள் மாதிரி இருக்கின்றன.

நவம்பரில் ஒரு திங்கள்
கலுமே மூங்கில் மறைவில் கண்ட சோறு
சிந்தியதில்லை, பரிமாறியது.
வாழையிலை, நுனி இடப்பக்கம்.
மஞ்சள் சோறு, கோழிக் கறி, பயறு, ஒரு சமோசா,
இலையோரம் கல்லில் சாய்த்துவைத்த சிகரெட்,
இன்னும் புகைந்தபடி.

குனிந்தவள் நிமிர்ந்துவிட்டேன்.
யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இலையில்
எப்படிக் கை வைப்பது?

கூடாரத்திலிருந்து வந்தாள் ழோசியான் மார்தாய்,
சேந்த்-ஆந்த்ரேயில் பேருந்து ஓட்டுகிறவள்.
இந்தப் பாதைக்குப் படி வெட்டியவர்களில்
அவள் அப்பாவும் ஒருவராம்.
கிரியோலில் சொன்னாள்,
காக்கா என்ற சொல்லை மட்டும் தமிழில்:
"காக்கா வந்து எடுக்கணும் என்பார்கள்.
நம் தீவில்தான் காக்கா கிடையாதே.
எது வந்தாலும் அப்பாதான் என்று வைத்தேன்."

எது வரும் என்று எனக்குத் தெரியும்.
காலையில் பொறியில் விழுந்தது
என் முதுகுப் பையில் இருந்தது,
கடைவாயில் மஞ்சள் சோற்றோடு.
காட்டவில்லை.
கூட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். முட்டையைப் பற்றி.

"எடுத்துத்தான் ஆகணுமா?"
"ஆகணும்."
"எவ்வளவு நேரம் விடலாம்?"
என் துறையின் விதிப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
"சிகரெட் அணையும் வரை."

நின்றோம்.
காற்று வேறு ஊதி ஊதி அதை
சீக்கிரம் குடித்துத் தீர்த்தது.

இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அவளுக்குச் சந்தேகம்,
எனக்கும்.
சுருட்டினாள்.
பிறகு இருவரும் முழங்காலிட்டு
புல்லை விரலால் வகிர்ந்து வகிர்ந்து
பேன் பார்ப்பதுபோல் பருக்கை பார்த்தோம்.
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

பொட்டலத்தைப் பையில் போடாமல்
நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.
மமோத் காம்ப் வரை இரண்டு மணி நேர இறக்கம்.
"வா என்றால் வரமாட்டார், ஞாயிறானால் மலைதான்" என்றாள்,
"இன்றைக்கு வருகிறார்."

துயி-துயி கூப்பிட்டதா என்று கேட்காதீர்கள்.
பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.
கோடு போட்டேன்.

இரவு, வீட்டில், காலணியைத் தட்டும்போது
அடித்தட்டின் பள்ளத்தில்
ஒரு பருக்கை, மஞ்சளாய், நசுங்காமல்.
பால்கனிக் கம்பியின் மேல் வைக்கக் கை போனது,
எங்கள் வீட்டுக் கை, எத்தனை தலைமுறைப் பழக்கமோ.
பாதி வழியில்
அப்படியே நின்றது.