அறுபத்திரண்டு

பொத்தான் ஏஜெண்டுக்கு மணிக்கட்டு போனால்
யாரிடம் போய்ச் சொல்வது.
திருப்பூர், தாராபுரம், மறுபடி கரூர்.
பக்கப் பையில் ஜிப்பும் பித்தளை ஊக்கும்
பதினோரு வருசமாய்க் கிலுகிலுக்க
முறுக்கியது முறுக்கியபடி வலதுகை.
இப்போதெல்லாம் குண்டடம் தாண்டினால்
சுண்டுவிரல் என்னுடையதாகத்தான் இருக்கிறது,
கட்டைவிரல் மட்டும்
யாரோ பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போன பொருள்.

பெருந்துறை டாக்டர் வண்டியை விடச் சொன்னார்.
சாம்பிள் அட்டை நூற்றெட்டையும்
பஸ்ஸில் நீங்க ஏத்தி விடுவீங்களா என்று
கேட்கவில்லை.
ஃபீஸைக் கட்டிவிட்டு வந்தேன்.

பல்லடத்தில் சிக்கந்தர்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவன், ஒயர் வேலையில் கெட்டிக்காரன்.
காருக்கு இருக்குமே, காலை எடுத்தாலும் அதே வேகத்தில் போகுமே,
அது இதுக்கு வருமா என்றேன்.
"முறுக்கைப் பூட்டுற கட்டை முன்னூறு ரூபாதானுங்க்கா.
மேட்டுல தொவண்டுரும், எறக்கத்துல ஓடிப்போயிரும்.
நீங்க சொல்றது வேற. அது மேட்டைக் கேட்டுக்கும்."

இரண்டு மத்தியானம்.
டேங்கை இறக்கிச் சாக்கின்மேல் சாய்த்தான்.
சோப்பு டப்பா அளவில் ஒரு மோட்டார்,
அதிலிருந்து குண்டுமணி கோர்த்ததுபோல் ஒரு சங்கிலி
ஆக்சிலேட்டர் கேபிளின் காதைப் பிடித்துக்கொண்டது.
பின்சக்கரப் பல்லில் ஒரு காந்தம்.
அதற்கும் அதை எண்ணுகிற கண்ணுக்கும் நடுவே
ரேஷன் கார்டை விட்டு இழுத்துப் பார்த்தான்.
பிரேக் விளக்குக்குப் போகிற ஒயரில் ஒரு கிளை:
பிரேக்கைத் தொட்டால்
எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும்.

கிளட்ச் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டான்.
முதல் சோதனையில், கிளட்சைப் பிடித்த நொடி
இன்ஜின் அலறியது பாருங்கள்,
பக்கத்துக் கடை பரோட்டா மாஸ்டர்
வீசின மாவோடு வெளியே வந்து நின்றார்.
"ஒண்ணுமில்லீங்ணா, ஒண்ணுமில்லீங்ணா" என்கிறான்,
சாவியை எங்கே வைத்தேன் என்று நான் தேடுகிறேன்,
சாவி வண்டியில்தான் இருக்கிறது.

ஆடிக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து
முதுகைப் பிடித்துத் தள்ளுகிற காற்று.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்.
அறுபத்திரண்டில் பொத்தானை அழுத்தினேன்
(பொத்தான் விற்கிறவள், எனக்கே ஒரு பொத்தான்).
பச்சை விளக்கு.
மெல்ல, ஒவ்வொரு விரலாக, கையை விட்டேன்.

வண்டி போகிறது.
மேடு வந்தது, சங்கிலி ஒரு மணி அளவு இழுத்தது.
இறங்கியது, விட்டுக்கொடுத்தது.
முள்ளில் அசைவில்லை.

கைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.
தொடையில் வைத்தேன், கூச்சமாக இருந்தது.
டேங்கில் வைத்தேன், சூடு.
கல்யாண வீட்டில் பந்தி பரிமாற எழுந்தவளை
உட்காருங்கோ உட்காருங்கோ என்று அமுக்கி வைத்தால்
எப்படியோ அப்படி இருந்தது அதற்கு.
ஒரு காற்றாலை, ஒரு காற்றாலை, ஒரு நின்ற காற்றாலை.
ஜிப் கணக்கு, ஜோதிமில் பாக்கி,
நாலு மாதமாகப் பேசாத என் தங்கை ரேணுகாதேவி,
எல்லாம் அறுபத்திரண்டில் வந்தன.
முறுக்கிக்கொண்டிருந்தபோது
இதெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தன?

கிளுவை வேலி தீர்ந்த இடத்தில்
கொறங்காட்டிலிருந்து செம்மறிகள்.
ஒன்று குதித்தால் நாற்பதும் குதிக்கும்.
நான் பார்த்தேன் என்று நினைக்கும் முன்பே
வண்டி குறைந்திருந்தது. பச்சை அணைந்திருந்தது.
சும்மா இருக்கச் சொன்ன வலதுகை
இரண்டு விரலை எப்போது
பிரேக்கின்மேல் போட்டு வைத்ததோ.

மேய்ப்பவர் குடையைத் தூக்கிக் காட்டினார்.
கடைசி ஆடு நின்று, என் முன்சக்கரத்தை முகர்ந்து, போனது.

பழைய வேகத்துக்குத் திரும்ப
இன்னொரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தவில்லை. மூன்றாம் கியரில்,
கட்டைவிரல் மரத்துப்போகும்வரை
கையாலேயே ஓட்டினேன், குண்டடம்வரை.
பிறகு அழுத்தினேன்.

சிக்கந்தருக்கு இன்னும் எண்ணூறு தர வேண்டும்.