ஆறு கிரெடிட் சுதந்திரம்

தார்த்துவில் ஜனவரி. எமயோகி உறைந்து
பாலத்துக்கு வேலையில்லாமல் போயிருந்தது.
பாடத்திட்டப் பிரிவு, இரண்டாம் மாடி, என் ஜன்னல்.
நான்கரை மணிக்கு ஹெய்கி வந்தான்,
நாற்பத்து மூன்று வயது, வனவியல் மாணவன்,
பூட்ஸிலிருந்து பனியும் மரத்தூளும் உதிர.
"எல்லாம் முடித்துவிட்டேன் மாரிகா.
பட்டம் ஏன் வரவில்லை?"

திரையில் அவனது ஏழு வருடங்கள்.
கட்டாயப் பாடங்கள்: முழுவதும் பச்சை.
மண்ணியல் படிக்க வேதியியல் வேண்டும்,
வேதியியலுக்குக் கணிதம்,
கணிதத்துக்கு, அவன் சொன்னபடி,
மனைவி ஊரில் இல்லாத ஒரு மாதம்.
முன்தேவைகளின் அந்தப் படிக்கட்டில்
புள்ளியியலில் மட்டும் இரண்டு முறை வழுக்கியிருக்கிறான்.
துறை விருப்பப் பாடம்: எட்டில் மூன்று.
(விருப்பம் என்று பெயர்;
எட்டும் பூஞ்சையையும் பட்டை வண்டையும் பற்றியவை.)
களப்பயிற்சி: விலக்கு.
பதினாறு வருடம் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக்
காட்டை யார் போய்க் காட்டுவது?
ஆய்வேடு: நன்று.

மிச்சம் ஒரே ஒரு சிவப்புக் கட்டம்.
சுதந்திரப் பாடம். ஆறு கிரெடிட்.
"எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்," என்றேன்,
"ஆனால் எடுத்தே ஆகவேண்டும்."
அவன் சிரிக்கவில்லை. நானும் அந்த வாக்கியத்தைப்
பத்து வருடமாகச் சிரிக்காமல்தான் சொல்லிவருகிறேன்.

எது சுலபம் என்று கேட்பார்கள் எல்லோரும்.
அவன் கேட்டது: "எது இரவில் நடக்கும்?"

ஒன்று இருந்தது. இரவு வானம், ஓர் அறிமுகம்.
நான்கு பேர் பதிந்திருந்தார்கள்.
ஐந்தாவது ஆள் வராவிட்டால் நள்ளிரவில் ரத்து.
இதை அவனிடம் சொல்வது விதிப்படி தவறு;
திரையை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தான்.
இயந்திரத்தின் கூரையில் இருபத்திரண்டு விளக்குகள் என்றான்.
பகல்போல் அடிக்கும், கிளையில் ஒவ்வொரு கணுவும் தெரியும்.
பாதி வாழ்க்கை இரவில்தான்.
"இரவைப் பார்த்தது கிடையாது."

ஏப்ரல் கடைசியில் மறுபடி வந்தான்.
பதினான்கு வகுப்பில் பதினொன்று மேகம்.
குறிப்பேட்டில் தேதி, மணி, மேகம்,
தேதி, மணி, மேகம் என்று
அறுத்த கட்டைக்கு எண் போடுகிற கையெழுத்தில்.
பேராசிரியை தேர்ச்சி கொடுத்துவிட்டார்.
தேர்ச்சி, தோல்வி, இரண்டே உண்டு அந்தப் பாடத்துக்கு.

"இப்போதெல்லாம் மணிக்கு ஒருமுறை
எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன்," என்றான்.
"டீசல் மிச்சமாகிறது என்று
முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்."

சான்றிதழின் பின்னிணைப்பை அச்செடுத்தேன்.
மண்ணியலுக்குக் கீழே, அதே எழுத்தளவில், இரவு.

ஊழியர்களும் வருடத்துக்கு ஒரு பாடம்
கிரெடிட் இல்லாமல் உட்கார்ந்து கேட்கலாம்,
பதினோராம் விதி. தட்டச்சு செய்தவளே நான்தான்.
அடுத்த குளிர்காலத்துக்கு அந்தப் பாடத்தில்
இதுவரை மூன்று பேர்.
சும்மா கேட்க வருகிறவர்களைக்
கணக்கில் சேர்ப்பதில்லை.