பாதையில் ஏறாத சொல்

குருமண்வெளித் துறையில் பாதை புறப்பட முன்னமே
தங்கேஸ் அக்காவின் வாய் புறப்பட்டுவிடும்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலால்
எவளுடைய மருமகன் எவளுடைய வளவுக்குள்,
யார் வீட்டுத் தாலிக்கொடி எந்த வங்கியில்,
சங்கக்கடை மனேஜர் மூட்டைக்கு எத்தனை கொத்துக் குறைத்தான்.
மண்டூர்க் கரை தட்டுவதற்குள்
இரண்டு கலியாணமாவது குழம்பியிருக்கும்.

பெயர்களுக்குக் குறைவில்லை அவளுக்கு.
கோள்மூட்டி. குண்டணிக்காரி. ஓட்டைவாய்.
பாதை ஓட்டும் சாமித்தம்பிக்கு அவள் ‘ஆறு மணிச் செய்தி’.
அம்மா கோபத்தில் வத்திவைக்கிறவள் என்பாள்,
கோபம் ஆறினால்
வெற்றிலை வட்டாவை அவள் பக்கம் தள்ளுவாள்.
“என்ட நாக்குக்கு நரம்பில்ல கா”
என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டிசம் எழுதுகிறவனுக்கும் ஒரு பெயர் இருந்தது:
மொட்டை.
தலை நிறைய மயிரோடு திரிந்த தபாற்கந்தோர்ப் பியோன்
அந்தப் பெயரோடுதான் செத்தான்.

மறுகா, அந்த விடியல்.
பள்ளிக்கூட மைதானத்தில் ஆம்பிளைகள் வரிசையில்.
வேம்படியில் ஒரு கதிரை,
கதிரையில் ஒரு சீனிச் சாக்கு,
சாக்கில் இரண்டு ஓட்டை.
சாக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.
மேலும் கீழுமாக ஒருக்கா அசைந்தது.
தங்கேஸ் அக்காவின் புருஷன் சீவரெத்தினம்
சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு
வரிசையை விட்டுப் பிரிந்தார்.

அன்றைக்கு ஊர் ஒரு புதுச் சொல் படித்தது.
தலையாட்டி.
கோயில் திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைக்கும் அதுதான் பெயர்.
அந்த வருசம் நான் பொம்மை கேட்கவில்லை.

வேலிக்கு இங்கால நின்ற பெண்டுகளுக்குள்
அவளும் நின்றாள்.
சாக்குக்குக் கீழே கால்கள் தெரிந்தன,
ஒரு பாதம் மற்றதைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.
நான் சின்னப்பிள்ளை, எனக்கே தெரிந்தது.
ஊரின் நடை, இருமல், பொய்ச்சாட்டு எல்லாம் பாடமானவளுக்கு?

அவளுடைய முப்பத்தொண்டுக்குக் கூடியிருந்து
அவள் சொன்ன கதைகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னோம்.
வீட்டுக்கு ஒன்று, சில வீட்டுக்கு ஏழெட்டு.
சிரித்துச் சிரித்து தேத்தண்ணி ஆறிப்போனது.
துறையடியில் டயர் ஒட்டுகிறவனைப் பற்றி மட்டும்
ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
இரண்டு குடும்பம் நடத்தினவன்.
சீட்டுக்காசோடு ஓடித் திரும்பி வந்தவன்.
அவனுக்கு ஒரு கதை இல்லாமலா?

சைக்கிளுக்குக் காற்றுப் போனால்
களுவாஞ்சிக்குடி மட்டும் உருட்டிக்கொண்டு போவாளே,
வெயிலுக்குள்.
பஞ்சப்பிடிப்பு என்று நாங்கள் அதையும் ஒரு கதையாக்கினோம்.

பயமோ, அவனுடைய பிள்ளைகளை நினைத்தோ,
ஒரு சொல் எத்தனை பேரை வரிசையிலிருந்து எடுக்கும் என்று
கண்ணால் கண்டதனாலோ,
தெரியாது.
முப்பது வருசம் பாதையில் போய் வந்தாள்,
அதை ஏற்றவில்லை.
சொன்னதற்கு அத்தனை பெயர் வைத்தோம்.
இதற்கு என்ன பெயர்?

நேற்று முன்சில்லு இறங்கிப்போனது.
வேறு வழியில்லை, பாதை வெளிக்கிடும் நேரம்.
குனிந்து காற்றடித்தான்,
நிமிர்ந்து
ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தபடி கேட்டான்:
“காத்துக் காணுமா பிள்ள?”

நான் தலையை ஆட்டினேன்.