மூன்றாம் வகை

கிதீனியா வேலைவாய்ப்பு அலுவலகம்,
ஏழாம் கவுன்டர்.
யட்விகாவின் ஈரக் கையுறை
என் மேசையில் சொட்டுகிறது.

கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடம் வெல்டிங்.
பிறகு ஆறு வருடம்
படுக்கையில் விழுந்த கணவனுக்கு
மலம் அள்ளியிருக்கிறாள்.
கணினிக்கு அந்த ஆறும் வெற்றுக் கட்டம்.
மதிப்பெண் முப்பத்தொன்று. மூன்றாம் வகை.
பயிற்சி கிடையாது.

"யார் முடிவு பண்ணினது?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் என்னையே பார்த்தாள்.

மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு.
காரணம் எழுத
நாற்பது எழுத்து கொள்ளும் ஒரு பெட்டி.
மாதம் மூன்று முறைக்கு மேல் மாற்றினால்
எனக்கும் ஒரு மதிப்பெண் விழும்.

இன்று தேதி ஐந்து.
மிச்சம் ஒன்று.

இவளைவிட மோசமாக
யாராவது வரக்கூடும் என்று
வாசலைப் பார்த்தேன்.

கையுறையை எடுத்துக்கொண்டாள்.
மேசையில் ஈரம்,
ஐந்து விரல்.