இடம்: சமையலறைக்குப் பக்கத்தில்

கவுனஸ் நகரில் பனி விழுந்தால்
பூமிக்கடியில் என்ன ஓடுகிறதென்று
பூனைகளுக்குத் தெரிந்துவிடும்.
வெந்நீர்க் குழாய் போகும் தடம் மட்டும்
கறுப்பாய், ஈரமாய்,
வகிடு எடுத்ததுபோல் கிடக்கும்.
அதன்மேல் வரிசையாய்ப் படுத்திருக்கும் அவை.
கின்டவுதஸ் இருபத்தாறு வருடமாய்
அந்த வகிட்டைப் பார்த்தே கசிவைச் சொல்கிறவர்.
"எனக்குக் கணினி எதற்கு,
பூனை இடம் மாறினால் போதும்" என்பார்.
பாதி வேடிக்கை.

ஷிவிலேயின் குழாய்களுக்குச் சூடில்லை.
மூன்று சர்வர் பெட்டிகளுக்குள்
நாற்பது ஸ்விட்ச், பதினோரு ரவுட்டர்,
ஒன்றையும் தொட முடியாது.
ஒரு கட்டளையில் பிறந்தவை.
நள்ளிரவில் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு
உறக்கம் கலையாமல் தூக்கிச் செல்லப்படுபவை.
மெய்நிகர் என்கிறோம் நாம்.
நல்ல சொல்தான்.
மெய்யெழுத்தும் அப்படித்தானே:
புள்ளி வைத்து எழுதிவிடலாம்,
உயிர் வந்து ஏறினால்தான் நாக்கில் நிற்கும்.

ஆகவே கூப்பிடுகிறாள்.
பத்து புள்ளி நான்கு புள்ளி ஏழு புள்ளி ஒன்று,
இருக்கிறாயா?
புள்ளி இரண்டு, இருக்கிறாயா?
புள்ளி மூன்று?
முகம் தெரியாத வகுப்பில்
பெயர்ப்பட்டியலை நம்பாமல் வருகை எடுப்பது.
பதில் வந்தால் பச்சை.
இரண்டு விநாடி மௌனம் என்றால் அடுத்த எண்.
இருநூற்று ஐம்பத்துநான்கு கதவு தட்டி முடிய
ஒரு காப்பி ஆறிப்போகும்.

கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை.
எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி,
அந்தச் சாவிக்குப் பெயரே 'பொது'.
"தேரை!" என்று திட்டினாள்,
அங்கே அது வசவு.
முதல் வேலையாய் அதை மாற்றினாள்.

கையிலிருந்த பட்டியலில் ஐம்பத்தொன்று.
திரையில் ஐம்பத்திரண்டு.

பத்தொன்பதாம் எண்.
பெயர்: வெற்று.
ஓடும் காலம்: நானூற்றுத் தொண்ணூறு நாள்.
ஐந்நூறை எட்டுமுன் எண்ணத் தெரியாமல்
மறுபடி சுழியில் தொடங்கும் கடிகாரம் அது,
எத்தனை சுற்று சுற்றியதோ.
தொடர்புக்கு: வைடோதஸைக் கேள்.
இடம்: சமையலறைக்குப் பக்கத்தில்.

இடமே இல்லாத ஒன்றுக்கு
யார் எழுதிய விலாசம் இது?

வைடோதஸ் வேலையை விட்டு ஆறு வருடம்.
ஸராசாய் ஏரிப்பக்கம்
படகு எஞ்சின் பழுதுபார்க்கிறானாம்.
ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். பதிலில்லை.
அணைத்துவிடலாமா என்று
சுட்டியைச் சிவப்புப் பொத்தான் வரை கொண்டுபோனாள்.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
கொண்டுபோன கை அங்கேயே நின்றது.
அந்தப் பத்தொன்பதாம் எண் சும்மா இல்லை:
நிமிடத்துக்கு நான்கைந்து பொட்டலம்,
மூச்சுவிடும் அளவுக்குத்தான்,
போவதும் வருவதுமாய் இருந்தது.

காலை ஆறரைக்கு அவன் பதில்:
"அதைத் தொடாதே.
ஷிலைனியாய் மேட்டு வால்வெல்லாம்
அது வழியாகத்தான் பேசும்.
பழைய பெட்டியைப் பார்த்து அப்படியே நகலெடுத்தேன்,
ஒரு வாரத்துக்கு என்று வைத்தது.
மன்னிச்சுக்கோ. இன்னுமா ஓடுது?"

அந்நேரம் அந்த மேட்டில், ஒன்பதாம் மாடியில்,
யாரோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து நிமிடத்துக்கொருமுறை நலம் விசாரிக்கச் சொல்லி
அதையும் பட்டியலில் சேர்த்தாள்.
பெயர் வைத்தாள்: தேரை.
முதல் நாள் எல்லாமே அலறின.
எண்பதில் கத்தச் சொன்னதைத்
தொண்ணூறில் கத்து என்று மாற்றினாள்;
எந்த எண் சரி என்று அவளுக்கும் தெரியாது.
மூன்று தடவை கேட்டும் தேரை பேசாவிட்டால்
அவள் தலையணைக்கடியில் போன் அதிரும்.
கின்டவுதஸின் போனும் அதிரவேண்டும்,
அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

இடம் என்ற கட்டத்தை மட்டும் திருத்தாமல் விட்டாள்.

தேநீருக்கு எழுந்து போனபோது பார்த்தாள்:
சமையலறைக்கு வெளிச்சுவரில்
ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே
வெளுத்த ஒரு சதுரம்,
அதில் மூன்று திருகாணித் துளை.
நாலாவதை யாரும் முறுக்கவே இல்லை போல.