வாசல் வரை

பத்து நாற்பது பாணந்துறை ரயில்
ஹம்டன் லேன் முடிவில்
கடலை ஒருமுறை மறைத்துவிட்டுப் போகிறது.
மடிக்கணினியில் இரண்டு பெட்டிகள்.
மேலே: நீங்கள் தருவது.
கீழே: நீங்கள் பெறுவது.

தருவது பிட்காயின், 0.041.
பகல் முழுக்கப் புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடையில்
ஆணிக்கும் பெயின்டுக்கும் பில் போட்டுவிட்டு
இரவில் ஒரு நோர்வே மீன் கம்பனிக்கு
நிலுவை சரிபார்த்த ஒன்றரை வருடக் கூலி.
பெறுவது மொனேரோ.
எத்தனை என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது,
பெற்றோல் வரிசைக் காலத்து டொலர் மாதிரி.

பழைய முகவரியைத் திறந்து தந்தவன் சுதர்ஷன்.
கலியாணம் முடிந்த மூன்றாம் மாதம்,
கல்கிஸை வீட்டில், என் தோளுக்குப் பின்னால் நின்று.
"சாவி உன்ர. நான் தொடமாட்டன்."
தொடவில்லைதான்.
பார்த்தான்.

அந்தப் பேரேட்டுக்குக் கதவில்லை.
எவரிடமிருந்து எவருக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு,
எல்லாம் எல்லோருக்கும் தெரியும்,
பெயர் மட்டும் எழுதியிருக்காது.
அவனுக்குப் பெயர் எதற்கு?
முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும்
அவனுக்கு மனப்பாடம்.

வழக்குப் போட்ட பிறகும் செய்தி வரும்.
"வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன செலவு?"
"லோயருக்கா? இவ்வளவு குறைவா எடுக்கிறானா?"
புது முகவரிக்கு மாற்றிப் பார்த்தேன்.
இரண்டே நாளில் நூல் பிடித்து அங்கேயும் வந்தான்.
ஒருமுறை, நான் எதையும் தொடாத ஒரு மாதத்தில்,
"சாப்பிடுறியா?" என்று.
அன்றைக்குத்தான் கதவை இரண்டு தரம் பூட்டினேன்.

அப்பா கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்த காலம்
பொலிஸ் பதிவுத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச்
சேர்ட் பையிலேயே வைத்திருப்பார்.
குளிக்கப் போனாலும்
ஆணியில் தொங்கும் சேர்ட்டைக்
கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு குளிப்பார்.
ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது, தெரியாது.

அறையைப் பகிரும் ஃபர்ஸானா
கட்டிலில் கால்நகம் வெட்டியபடி சொல்லித் தந்தாள்.
"ஒரு வளையம் மாதிரி. ஒன்ட கையெழுத்தோட
வேற பதினஞ்சு பேர்ட கையெழுத்தும் ஈக்கிம்.
எது ஒன்ட எண்டு யாருக்கும் சொல்லேலா."
"அந்தப் பதினைந்து பேர் யார்?"
"அது எனக்கும் தெரியா. ஒனக்கும் தேவல்ல."

மிதக்கும் விகிதமா, நிலையான விகிதமா என்று கேட்கிறது.
நிலையானதைத் தொடுகிறேன். கொஞ்சம் நட்டம்.
கணக்குக்காரிக்கு வலிக்கத்தான் செய்யும்.
தொண்ணூற்றைந்து எழுத்து நீளமான புது முகவரியை
ஒட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாய்
விரல் வைத்துச் சரிபார்க்கிறேன்.
அனுப்பு.

காத்திருக்கிறது என்கிறது திரை.
காலி வீதியில் யாரோ கொத்து அடிக்கிறான்,
தகரம் தகரமாய்.
மின்விசிறி ஒருமுறை தயங்கிச் சுழல்கிறது.
காத்திருக்கிறது.
இந்த நேரம் அவனும் விழித்திருந்தால்
என் காசு ஒரு கதவடிக்குப் போவது தெரியும்.
கதவு வரைக்கும் வருவான்.
மாற்றுகிறது.
ஃபர்ஸானா குறட்டை விடுகிறாள்.
முடிந்தது. 15.3.

மீட்புக்கான இருபத்தைந்து சொற்களையும்
சீ.ஆர். கொப்பியில் சாமான் பட்டியலுக்குள் கலந்தேன்.
பருப்புக்கு அடுத்து ஒன்று,
சவர்க்காரத்துக்கும் சீனிக்கும் நடுவே ஒன்று.
நானே மறந்துவிடுவேனோ என்ற புதுப் பயம்.
இது என்னுடைய பயம், பரவாயில்லை.

ஒன்று பதினைந்துக்குத் தொலைபேசி ஒளிர்ந்தது.
"எங்க போனது?"

திரையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு
செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
கொத்துக் கடையில் இன்னும் நெருப்பு இருந்தது.
ஒரு முட்டைக் கொத்து, கறி அதிகம்.
ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன்.
அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.